கதவில் நின்ற கடல்

உச்சிப்புளி
12.06.2025

தம்பி காளீஸ்வரனுக்கு,

உன்னோடு இனிப் பேச மாட்டேன் என்று ஆறு வருடத்துக்கு முன்பு, மகள் யுவராணியின் நிச்சயதார்த்த வீட்டில், இருபது பேர் நடுவில் சொன்னேன். அதில் மாற்றமில்லை. எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். கோயம்புத்தூர் முகவரியை யுவராணிதான் கொடுத்தாள். அம்மா தம்பியிடம் சமாதானம் ஆகிவிட்டாள் என்று அவளிடம் நீ சொல்லிவிடாதே.

விஷயம் கார். அந்தப் பழைய மாருதியேதான். மகள் நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துவர வேண்டிய நேரத்தில், இருபத்து மூன்று நாள் நீ கொண்டுபோய் வைத்துக்கொண்டு, கேட்டால் "கல்யாண பார்ட்டிக்கு வாடகைக்கு விட்டேன்" என்றாயே, அதே கார். அவர்களை இரண்டு ஆட்டோவில் திணித்துக் கூட்டிவந்தோம். சரி, அதை இப்போது கிளறவில்லை.

நீ அன்று அடித்துத் தந்த வெள்ளைப் பெயின்ட் கதவெல்லாம் கொப்புளித்துக் கிடக்கிறது. சின்னம்மை போட்ட பிள்ளை மாதிரி. அதைச் சுரண்டிப் புதிதாகப் பெயின்ட் அடிக்கப் போகிறேன், வீட்டிலேயே. ஒர்க்‌ஷாப்பில் மூன்று வாரம் விட்டுவைக்கச் சொல்கிறார்கள். மூன்று வாரம் காரை விட்டுவைத்த அனுபவம் எனக்கு ஏற்கெனவே இருக்கிறது.

ஏன் இந்த அவசரம் என்றால், உன் அத்தான் சாவி கேட்டிருக்கிறார். அவர் வகுப்புப் பிள்ளை முருகலட்சுமி போன அந்த மாதத்தோடு ஸ்டியரிங்கை விட்டவர், பிறகு தொட்டதில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கடற்கரையைச் சுத்தம் செய்யக் கூட்டிப்போனார், ஒரே ஒரு அலை அந்தப் பிள்ளையைக் கொண்டுபோய்விட்டது. அவர் மேல் தவறில்லை என்று விசாரணையில் எழுதினார்கள். அவர் மட்டும் அப்படி எழுதிக்கொள்ளவில்லை. வேலையை விட்டார், நண்பர்களை விட்டார், பேச்சையும் பாதி விட்டார். அப்படிப்பட்டவர் போன மாதம் சாப்பிட்டுக்கொண்டே என்னைப் பார்த்து, "ஏன் டீச்சர், கார் ஓடுமா?" என்றார். ஓடும் என்றேன். "ஆகஸ்ட் பதினொண்ணு எனக்குச் சாவி வேணும். தனியாப் போயிட்டு வாரேன்" என்றார்.

அது அந்தப் பிள்ளை போன தேதி. கோயிலுக்குப் போவார் என்று நினைக்கிறேன். எங்கே என்று கேட்டால் மறுபடி வாயை மூடிக்கொள்வார், அதனால் கேட்கவில்லை. புதுசு போலக் காரை நிறுத்திச் சாவியை அவர் கையில் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிரைமர் எப்படி அடிப்பது, எப்படித் தேய்ப்பது என்று படிப்படியாக எழுது.

நாகலெட்சுமி


கோயம்புத்தூர்
20.06.2025

அக்காவுக்கு,

காளி எழுதுவது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. தப்பு இருந்தால் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பாதே.

முதலில் கொப்புளத்தை எண்பதாம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்து எடு. துரு தெரிந்தால் பளபளவென்று தகரம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். தேய்த்த அன்றே பிரைமர் அடித்துவிடு. நம்ம ஊர்க் காற்றில் வெறும் தகரத்தை ராத்திரி விட்டால் காலையில் துருவேறிப் பழுத்துவிடும். பள்ளம் இருந்தால் பட்டி வைத்து மட்டம் பண்ணு.

பிரைமரை ஒரே தடவையில் கனமாக அடிக்காதே, வழிந்துவிடும். மெலிசாக மூன்று தடவை, நடுவில் பத்துப் பன்னிரண்டு நிமிசம் இடைவெளி. காலை பத்து மணிக்கு மேல் அடி, அதற்கு முன்னால் காற்றில் ஈரம் இருக்கும். மூக்கில் துணி கட்டிக்கொள். ஒரு நாள் முழுக்கக் காயட்டும்.

காய்ந்ததும் கறுப்பு ஸ்ப்ரேயைத் தூரத்திலிருந்து தூசி மாதிரி லேசாகத் தூவு. பிறகு நானூறாம் நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய். பழைய ரப்பர் செருப்பை வெட்டி, அதில் தாளைச் சுற்றிப் பிடி. வெறும் விரலால் தேய்த்தால் விரல் தடம் விழும். எங்கே கறுப்பு போகாமல் நிற்கிறதோ அங்கே பள்ளம் என்று அர்த்தம். கடைசியாக அறுநூறு.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. கதவுக்குக் கீழ்ப்பக்கம் ரொம்ப ஆழமாகப் போக வேண்டாம். மேலாகத் தேய்த்து அடித்துவிடு, போதும்.

அத்தான் ஏன் தனியாகப் போக வேண்டும்? நீயும் கூடப் போயேன்.

காளி


உச்சிப்புளி
02.07.2025

காளி,

சிவப்பு மை தேவைப்படவில்லை. நீ பள்ளிக்கூடத்தில் இப்படி எழுதியிருந்தால் நான் உனக்காகத் தலைமையாசிரியர் முன்னால் நிற்க வேண்டி வந்திருக்காது.

நீ சொன்னபடியே செய்தேன். மேலாக மட்டும் தேய்க்கச் சொன்னதை மட்டும் கேட்கவில்லை. பாதிக் கணக்கைப் போட்டுவிட்டு விடையை மட்டும் எழுதும் பழக்கம் எனக்குக் கிடையாது. நான்கு கதவையும் தகரம் தெரியத் தேய்த்தேன். ஐந்து நாள் ஆனது. தோள்பட்டை கழன்றுவிட்டது. செருப்பு வெட்டும்போது உன் அத்தான் வந்து, "அது நான் போடுற செருப்பு டீச்சர்" என்றார். "ஒத்தச் செருப்பு போதுமே, நீங்கதான் வீட்டை விட்டே போறதில்லையே" என்றேன். சிரித்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அப்படிச் சிரித்தார், அதற்காகவே அடுத்த செருப்பையும் வெட்டலாம்.

ஆனால் வேலையை அவர் விரும்பவில்லை. நான் தேய்க்கும்போது வாசற்படியில் வந்து நிற்பார். "கீழ ரொம்பத் தேய்க்காத டீச்சர்" என்று நீ எழுதியதையே சொல்வார். சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்.

மூன்று தடவை பிரைமர், கறுப்புத் தூசி, நானூறு, அறுநூறு எல்லாம் ஆயிற்று. கதவைத் தடவினால் குழந்தை கன்னம் போல இருந்தது. இரண்டு நாள் கழித்துக் காலையில் எழுந்து பார்க்கிறேன், சாம்பல் பிரைமரைத் துளைத்துக்கொண்டு பழுப்புப் புள்ளிகள்! முள் குத்திய மாதிரி, நான்கு கதவிலும். இரும்பும் துருவும் பற்றி முப்பத்திரண்டு வருடம் பாடம் நடத்தியவள் வீட்டு வாசலில் இப்படி!

என்ன தப்பு செய்தேன்?

அக்கா


கோயம்புத்தூர்
09.07.2025

அக்கா,

எந்தத் தண்ணீரில் தேய்த்தாய்? போர் தண்ணீரில்தானே?

நம்ம ஊரில் எல்லோரும் செய்கிற தப்பு இது. குடத்துக்குக் காசு கொடுத்து வாங்குகிற நல்ல தண்ணீரைக் கார் மேல் ஊற்ற யாருக்கும் மனசு வராது. போர் தண்ணீர் கடல் தண்ணீருக்குத் தம்பி. அதில் தேய்த்தால் உப்பு பிரைமருக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். அது ஈரத்தை இழுக்கும், துரு வரும். இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன்.

பேசாமல் விட்டுவிடு அக்கா. காரைக் காயலான் கடைக்குப் போட்டுவிடு. இந்த வயதில் இந்த வேலை உனக்கு எதற்கு? அத்தானுக்கு ஆட்டோ பிடித்துக் கொடு.

சாவியை நீயே வைத்திரு.

காளி


உச்சிப்புளி
21.07.2025

காளீஸ்வரா,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

போர் தண்ணீர் என்று நீ எழுதியதும் வெட்கமாகிவிட்டது. பிறகு யோசித்தேன். வகுப்பில் மூன்று சோதனைக் குழாயில் ஆணி போட்டுக் காட்டுவேன், உனக்கும் ஞாபகம் இருக்கும். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் கொதிக்கவைத்து எண்ணெய் மூடிய தண்ணீர், ஒன்றில் தண்ணீரே இல்லை. எதனால் துரு பிடிக்கிறது என்று தெரிய வேண்டுமானால் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும்.

அப்படியே செய்தேன். எல்லாவற்றையும் திரும்ப உரித்தேன். இடது பக்கம் இரண்டு கதவுக்கு நல்ல தண்ணீர், வலது பக்கம் இரண்டுக்கும் போர் தண்ணீர். தாள் ஒன்றுதான், பிரைமர் ஒன்றுதான், கையும் ஒன்றுதான். நான்கு நாள் காத்திருந்தேன்.

நான்கு கதவிலும் துரு வந்தது. வலது பக்கம் கொஞ்சம் அதிகம், உன் பேச்சிலும் உண்மை இருக்கிறது. ஆனால் நல்ல தண்ணீர்ப் பக்கமும் வந்ததே, அது எங்கிருந்து வந்தது? என் கையிலிருந்து வரவில்லை என்றால் ஏற்கெனவே கதவுக்கு உள்ளே இருந்திருக்க வேண்டும்.

தள்ளி நின்று பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது. புள்ளிகள் சிதறிக் கிடக்கவில்லை காளி. ஒரு கோட்டின் மேல் போகின்றன. கோட்டுக்குக் கீழே அங்கங்கே உண்டு, கோட்டுக்கு மேலே ஒரு புள்ளிகூட இல்லை. ஸ்கேல் வைத்து அடித்த மாதிரி நான்கு கதவிலும் ஓடுகிறது. கிணற்றுச் சுவரில் தண்ணீர் நின்ற தடம் இருக்குமே, அது.

அளவு நாடாவை எடுத்தேன். முன்கதவின் முன் விளிம்பில் தரையிலிருந்து அறுபத்தாறு சென்டிமீட்டர். பின்கதவின் பின் விளிம்பில் ஐம்பத்தொன்று. இரண்டு பக்கமும் அதே கணக்கு. மழைவெள்ளத்தில் தெருவில் நின்ற கார் என்றால் கோடு முன்னும் பின்னும் ஒரே உயரத்தில் இருக்கும். இந்தக் கார் சரிவில் நின்றிருக்கிறது, மூக்கு கீழே தாழ்ந்து. நம்ம பக்கம் தண்ணீருக்குள் இறங்கும் சரிவு ஒன்றுதான் இருக்கிறது.

இந்தக் கார் கடலைப் பார்த்தபடி கடலுக்குள் நின்றிருக்கிறது.

யாரை ஏற்றிக்கொண்டு ஓட்டினாய்? குடித்திருந்தாயா? வாடகைக்கு ஏறியவர்கள் யாராவது... இதை மறைக்கத்தான் பெயின்ட் அடித்தாயா? இதற்காகத்தான் மேலாகத் தேய்க்கச் சொன்னாயா? உன் அத்தானிடம் இன்னும் சொல்லவில்லை. அந்த மனிதர் கடல் என்ற சொல்லையே தாங்க மாட்டார்.

உண்மையை எழுது. முழுசாக எழுது.

நாகலெட்சுமி


கோயம்புத்தூர்
24.07.2025, காலை

அக்கா,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. ஏழு தடவை போன் அடித்தேன், கட் பண்ணிவிட்டாய். வீட்டு போனுக்கு அடித்தால் அத்தான் எடுப்பார். அதனால் இதை எழுதிப் போட்டோ பிடித்து ஹமீது சுல்தான் போனுக்கு அனுப்புகிறேன். புதுமடம் கடற்கரையில் வலை, டிராக்டர் எல்லாம் வைத்திருப்பாரே, அவர்தான். அவர் நேரில் வந்து காட்டுவார். அவரும் அன்று இருந்தார்.

முதலில் சாவியை ஒளித்து வை. மீதியை அப்புறம் படி.

நான் ஓட்டவில்லை. வாடகைக்கும் விடவில்லை. அத்தான்தான் ஓட்டினார்.

2019 ஆகஸ்ட் கடைசி. முருகலட்சுமி போய் மூன்று வாரம் இருக்கும். மத்தியானம் ஹமீது சுல்தான், நான் அப்போது நம்ம ஊரில் வைத்திருந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போன் அடித்து, "ஏலே காளி, ஒங்க அத்தான் கார் மணலு வழியா நேராத் தண்ணிக்குள்ள போவுதுலே" என்றார். நான் போனபோது தண்ணீர் அவர் மடிக்கு வந்திருந்தது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்கண்ணாடியை உடைத்து இழுத்தேன். காரை டிராக்டரில் கயிறு கட்டி இழுக்க ஒரு மணி நேரம் ஆனது.

கரையில் உட்காரவைத்ததும் அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, நன்றி என்றும் சொல்லவில்லை. "உங்க அக்காவுக்குத் தெரிய வேணாம்" என்றார். என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார்.

உனக்கு ஞாபகம் இருக்கும், அன்று என் கைலியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஒர்க்‌ஷாப்பில் தண்ணீர்த் தொட்டி உடைந்து நனைந்துவிட்டது என்றார்.

இருபத்து மூன்று நாள் அந்தக் காரைக் கழுவினேன். கதவுக்கு உட்பக்கம் இருக்கிற அட்டை உப்பைக் குடித்து வைத்திருக்கிறது, அதை நான் மாற்றவில்லை. அந்த அட்டை நனைந்த மட்டம்தான் நீ பார்த்த கோடு. நல்ல வேலைக்காரன் அதை விட்டிருக்க மாட்டான். அந்தக் காரோடு நிற்க எனக்குப் பிடிக்கவில்லை, சீக்கிரம் மூடினேன்.

வாடகைப் பொய்யை நான்தான் சொன்னேன். நீ திட்டிய திட்டு எனக்குப் பெரிசில்லை. ஒன்றுதான் என்னைத் தின்கிறது. அவர் உயிரே வேண்டாம் என்று போன இடத்திலிருந்து நான் இழுத்துக்கொண்டு வந்துவிட்டேனோ? இப்போது அந்தப் பிள்ளை போன தேதிக்கு, அதே காரை, தனியாகக் கேட்கிறார். சத்தியத்தை உடைத்துவிட்டேன். பரவாயில்லை.

நான் கிளம்பி வரவா?

காளி


உச்சிப்புளி
24.07.2025, சாயங்காலம்

காளி,

படித்துவிட்டேன். ஹமீது சுல்தான் அண்ணன் எதிரில் நிற்கிறார். காபி போடட்டுமா என்றேன். "நான் குடிச்சிட்டுத்தான் வந்தேன் தங்கச்சி, நீ மொதல்ல தண்ணி குடி" என்கிறார். இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவதாகச் சொல்கிறார்.

சாவி அரிசிப் பானைக்குள் இருக்கிறது.

அவர் உள்ளே செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறார். ஆறு வருடமாக அவர் தட்டில் எத்தனை இட்லி என்று பார்த்தேன், மாத்திரை போட்டாரா என்று பார்த்தேன். தொட்டி உடைந்தது என்றாரே, உடைந்த தொட்டியை ஒருநாள் எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை எனக்கு. ஆணியைக்கூட மூன்று குழாயில் போட்டுப் பார்த்தவள்.

நீ வராதே. நீ வந்து நின்றால் எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அதை நான் எப்படிச் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

அக்கா


உச்சிப்புளி
11.08.2025

தம்பி,

பதினெட்டு நாள் உன்னைக் காக்கவைத்துவிட்டேன். முதல் பத்து நாள் எதுவும் செய்யவில்லை. அவர் குளிக்கப் போனால் வெளியே நின்றேன். வாசலுக்குப் போனால் பின்னாலேயே போனேன். "என்ன டீச்சர், பரீட்சை ஹால்ல நிக்கிற மாதிரி நிக்கிற?" என்று கேட்டார்.

சென்ற திங்கட்கிழமை செருப்புத் துண்டையும் தாளையும் அவர் கையில் கொடுத்தேன். "எனக்குத் தோள் வலிக்குது. முன்கதவை நீங்க தேய்ங்க" என்றேன். மறுப்பார் என்று நினைத்தேன், உட்கார்ந்து தேய்த்தார். மேலிருந்து கீழே வந்தார். அந்தக் கோட்டுக்கு வந்ததும் கை நின்றது.

"காளி சொல்லிட்டானா?"

"கார்தான் முதல்ல சொல்லுச்சு. அப்புறந்தான் அவன் சொன்னான்."

பிறகு அந்தப் புள்ளிகளின் மேல் விரலை வைத்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ இதைப் படிக்க வேண்டும்.

"எறங்குறப்ப எல்லாம் முடிஞ்சிரும்னுதான் எறங்குனேன். தண்ணி இங்கன வந்துச்சு பாரு, இந்த மட்டத்துக்கு, அப்பப் பயம் வந்துருச்சு. கதவத் தள்ளுனேன். வெளிய இருந்து தண்ணி அமுக்குது, தொறக்கல. ஸ்டியரிங்கப் புடிச்சுக்கிட்டு ஒன் பேரச் சொல்லிக்கிட்டே இருந்தேன். அப்பத்தான் பின்னாடி கண்ணாடி ஒடையிற சத்தம் கேட்டுச்சு."

நீ ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த மனிதரைத்தான் பார்த்தாய். அதற்கு முன்னால் அவர் கதவைத் தள்ளியதை நீ பார்க்கவில்லை. வேண்டாம் என்று போனவரை நீ இழுத்து வரவில்லை காளி. வெளியே வரத் தவித்தவரைத்தான் இழுத்தாய்.

"இத ஏன் அவன்கிட்டச் சொல்லல?" என்று கேட்டேன். "வெக்கமா இருந்துச்சு. அந்தப் பிள்ளைக்குக் கதவத் தொறக்க யாருமில்ல, எனக்கு மட்டும் ஆளு வந்துச்சே" என்றார்.

நிச்சயதார்த்த வீட்டைப் பற்றியும் அவரே பேச்செடுத்தார். "நீ காளிய ஏசுனப்ப நான் எந்திரிச்சிருக்கணும்." நான் ஆறுதல் சொல்லவில்லை. "ஆமாங்க, எந்திரிச்சிருக்கணும்" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

பிறகு சாவி எதற்கு என்று கேட்டேன். ஒரு கேள்வியை இவ்வளவு பயந்துகொண்டு நான் கேட்டதே இல்லை.

"கடலுக்கு இல்ல டீச்சர். முருகலட்சுமி அம்மா இப்ப உப்பூர்ல இருக்காங்களாம். ஒரு தடவகூட நான் போய் நிக்கல."

இன்று போனோம். தனியாக விடவில்லை. "நான் பின் சீட்ல உக்காந்து வாயே தொறக்க மாட்டேன்" என்றேன். "நீயா?" என்றார். முன் சீட்டிலேயே உட்கார்ந்தேன். பிரேக்கையும் அடிப்பக்கத்தையும் ஹமீது சுல்தான் அண்ணனின் மெக்கானிக் இரண்டு முறை பார்த்தான். கதவின் உள் அட்டைகளைக் கழற்றி எறிந்தாயிற்று. பெயின்ட் அடிக்கவில்லை. வெள்ளைக் காருக்குச் சாம்பல் கதவு, அதில் பழுப்புக் கோடு. வழியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் நாற்பதுக்கு மேல் ஓட்டவில்லை.

அந்த அம்மாள் பெயர் ஈஸ்வரி. வாசலில் இவரைப் பார்த்ததும் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தார். அடிப்பாரோ, கத்துவாரோ என்று பயந்தேன். "வாங்க சார்" என்றார். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எதிரில் நின்று ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அன்னைக்கு மத்தியானம் அவ சாப்பிட்டாளா சார்?"

ஆறு வருடமாக அதைக் கேட்க அவருக்கு ஆள் இல்லை. அன்று கூட இருந்த வாத்தியார் இவர் ஒருவர்தானே.

"சாப்பிட்டாம்மா. புளிச்சோறு. எங்கிட்ட வந்து, 'சார், ஒங்க அப்பளத்துல பாதி'ன்னு கேட்டா. முழுசாக் குடுத்தேன்."

அந்த அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். இவரும் உட்கார்ந்தார். நான் வெளியே வந்து காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

திரும்பி வரும்போதும் இவர்தான் ஓட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல், பிரைமர் அடிக்கச் சொன்னாயே அந்த நேரத்துக்கு, உனக்கு போன் அடிப்பேன். எடு. ஆறு வருடம் பேசாத வாய், முதலில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாது. எந்த நம்பர் தாள் வாங்குவது என்று கேட்பேன். நீ நம்பரைச் சொல்லிக்கொண்டே இரு.

அக்கா